மரைக்குப் பெரிய ரவை

தொண்ணூறுகளில் ஜெர்மனியில் வளர்ந்த நாம் எங்கே கூடினாலும் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, வெளிநாட்டவர் அலுவலகத்தின் நீண்ட வாங்கில் குந்திக் காத்திருந்தது, அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் போய் முழி பிதுங்கியது, வாடகைக்கு எடுத்த படக் கசெட் நடுவில் சிக்கியது. நமக்கெல்லாம் இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும், படி ஏறினால் முழங்கால் முனகுகிறது, ஆனாலும் அதே கதைகள். நான் மட்டும் துவக்கைப் பற்றித் தொடங்கினால் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறீர்கள். பதினாறு வயதில் ஜெர்மன் காட்டில் மரை சுட்டவள் என்றால் நம்ப முடியவில்லை போலும். அதனால் எழுதிவிடுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே விழ முடியாது.

மரை என்பது அப்பா வைத்த பெயர். ஜெர்மன்காரர் அதை ஹிர்ஷ் என்பார்கள். செம்பழுப்பு உடம்பு, கிளைவிட்ட கொம்பு, நிமிர்ந்து நின்றால் ஒரு நல்ல மாட்டின் உயரம். அப்பா வன்னிக் காட்டோரம் பிறந்தவர். அவர் கணக்கில் சின்னதெல்லாம் மான், பெரியதெல்லாம் மரை. ஹார்ஸ் மலையடிவாரத்தில் மரம் அரியும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, பாதையோரம் ஒரு ஹிர்ஷ் நிற்பதைக் கண்டு “மரை, மரை” என்று கத்தி லொறியை நிறுத்த வைத்தாராம். லொறியை ஓட்டியவர் ஆலை முதலாளி. அந்தக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவரே. வேலைக்கு வந்த அகதி, காட்டு மிருகத்தைக் கண்டு குழந்தை மாதிரிக் குதித்ததில் மனிதர் மயங்கிப்போனார்.

அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இரண்டு பேருக்கும் வேட்டைக் கதைதான். அப்பாவிடம் நாற்பது ஜெர்மன் சொற்கள் இருந்தன, மிச்சத்துக்குக் கைகள் இருந்தன. ஊர்க் கொல்லன் செய்த இடியன் துவக்கை அவர் கைகளாலேயே கட்டி எழுப்புவார். குழாய் வாயால் வெடிமருந்தைக் கொட்டுவது, துணியை அடைப்பது, கம்பியால் இடிப்பது, ஈயச் சன்னத்தைப் போட்டு மறுபடியும் இடிப்பது. முயலுக்கு ஒரு விரல் மருந்து, மானுக்கு இரண்டு விரல், மரைக்கு நாலு விரல். நாலு விரலையும் சேர்த்து அப்பா உயர்த்திக் காட்டும்போது முதலாளி மேசையில் அறைந்து சிரிப்பார். அவருக்கு ஆள், குரல், கை எல்லாமே பெரிது.

நான் பள்ளி முடிந்து ஆலைக்கு வந்து அப்பாவின் வேலை முடியும்வரை நிற்பேன். நின்றேன் என்பது பொய். எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. மரத்தூள் குவியலில் ஏறுவேன், இறங்குவேன், அரிந்த பலகைகளின் மேல் நடப்பேன், பிசின் ஒட்டிய விரலை மோந்து பார்ப்பேன். அந்தக் கிராமத்தில் ஒரு பேக்கரி, ஒரு தேவாலயம், நாளுக்கு நாலு பஸ். பதினாறு வயசுக்காரிக்கு அது போதுமா? இரவில் படுத்தாலும் பாதம் போர்வையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் எனக்கே தெரியாது, இங்கே இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

ஒரு மார்கழியில் முதலாளி அப்பாவை வேட்டை வகுப்பில் சேரச் சொன்னார். ஜெர்மனியில் துவக்கோடு காட்டுக்குள் கால் வைக்க வேண்டுமானால் பரீட்சை எழுதி அனுமதி வாங்க வேண்டும். பதினாறு வயதிலேயே வாங்கலாம். அப்பா கையை விரித்துவிட்டார். நாற்பது சொல்லை வைத்துக்கொண்டு என்ன பரீட்சை எழுதுவது? ஆலைக் கணப்படுப்பருகே காலை மாற்றி மாற்றி நின்ற நான், “நான் போறன்” என்றேன். வகுப்பு சனிக்கிழமைகளில். தமிழ்ப் பள்ளியும் சனிக்கிழமைகளில். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

வீட்டில் அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கோ? அங்கை உன்ர வயசுப் பிள்ளையள் துவக்கு தூக்கிக்கொண்டு போகுதுகள் எண்டுதானே உன்னை இழுத்துக்கொண்டு ஓடி வந்தனான்!”

“இது வேட்டைத் துவக்கடி. ஆக்களைச் சுடுறதில்லை” என்றார் அப்பா.

“துவக்குக்கு அது தெரியுமோ?”

அப்பா பேனாவைத் தேடி எடுத்தார். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்திடும் இடத்தில் தன் பெயரை எழுத்தெண்ணி எழுதினார். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவர் தனியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். நானும் அம்மாவும் வந்து சேர எனக்குப் பத்தாகிவிட்டது. நான் கேட்டது எதற்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. காலுக்குச் சப்பாத்து கேட்டால் இரண்டு சோடி வாங்கி வருவார்.

வகுப்பில் பதினாலு ஆண்களும் நானும். ஈரக் கம்பளி, நாய், தரை மெழுகு எல்லாம் கலந்த மணம் அந்த மண்டபத்துக்கு. வேலையிலிருந்து இளைப்பாறிய வனக்காவலர் ஒருவர் கரும்பலகையில் கொம்பு வரைந்தார். அடிபட்ட மிருகத்தின் இரத்தத்தை வேட்டைக்காரர் இரத்தம் என்று சொல்வதில்லை, வியர்வை என்பார்கள் என்று படித்தேன். ரே என்கிற சின்ன மானுக்கு நூறு மீட்டர் தூரத்தில் ஆயிரம் ஜூல் வலு போதும், ஹிர்ஷ் போன்ற பெரியவற்றுக்குக் குறைந்தது ஆறரை மில்லிமீட்டர் ரவையும், அதாவது குண்டும், இரண்டாயிரம் ஜூலும் வேண்டும், அது சட்டம் என்று பாடமாக்கினேன். முதலாளியின் மகள் கல்யாணம் கட்டிப் போகும்போது விட்டுப்போன பச்சைக் கம்பளிக் கோட்டு எனக்கு வந்தது. கொம்பில் செய்த பொத்தான்கள், ஒன்று மட்டும் பிளாஸ்டிக். எந்த வீடு மாறும்போது அதைத் தொலைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சித்திரைக் கடைசியில் பரீட்சையில் பாஸ்.

பதினெட்டு ஆகும்வரை சொந்தத் துவக்கு வைத்திருக்க முடியாது. பெற்றோர் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு வேட்டைக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும், துவக்கு இரவல் வாங்க வேண்டும். முதலாளி கூட வந்தார், முப்பது-பூச்சியம்-ஆறு என்கிற தன் துவக்கைத் தந்தார். அது பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை, நடுத்தரம். ஆடி மாதப் பின்னேரம், வெட்டிய புல் மணக்கும் வயலோரம், பலகையால் அடித்த உயரப் பரணில் இருந்தோம். ஒரு ஆண் ரே காட்டுக்குள்ளிருந்து வந்து பக்கவாட்டாக நின்றது. சுட்டேன். விழுந்தது. எழுந்தது. மூன்று காலில் ஓடியது.

இரண்டு மணித்தியாலம் தேடினோம். நாயைப் பிடித்துக்கொண்டு முன்னே போனவர் முதலாளியின் மனைவி. மெலிந்த உடம்பு, எப்போதும் அணைந்த சிகரெட் ஒன்று வாயோரம். முட்பற்றைக்குள் அதைக் கண்டுபிடித்தபோது முன்னங்கால் ஒன்று தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னைப் பார்த்தது. முதலாளி முடித்து வைத்தார். நான் பற்றைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். முதலாளி முதுகைத் தட்டி, எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். அவர் மனைவி தட்டவில்லை.

“என் காட்டில் இன்னொரு மிருகம் மூன்று காலில் ஓடினால் இந்தப் பெண் இங்கே வரக்கூடாது” என்று கணவரிடம் சொன்னா. எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும் என்பது அவவுக்கும் தெரியும்.

அந்த மூன்று கால் ஓட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை. கணக்குப் பாடத்தில் ஓடும், பஸ்ஸில் ஓடும். ஒரு தரம், ஒரேயொரு தரம், ஒரு மிருகம் நோகாமல் என் கையால் விழுந்தால் இது அழியும் என்று நினைத்தேன். அந்த வயதின் நியாயம் அது. இன்றைக்கு என் மகள் அப்படி ஒரு நியாயம் சொன்னால் காதைத் திருகுவேன்.

அப்பா நடந்ததைக் கேட்டதும் வைத்தியர் மாதிரி உடனே முடிவுக்கு வந்தார். “ரவை காணாது.” போதவில்லையாம்.

அவருக்கும் ஒரு கதை இருந்தது. பதினெட்டு வயதில் மருந்து மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு விரல் அளவில் மரைக்கு வெடி வைத்தாராம். காயத்தோடு போன மரையை மூன்று நாள் தேடி, கடைசியில் இலையான் மொய்த்த இடத்தில் கண்டாராம். இறைச்சி உதவவில்லை. “அந்த மணம் இப்பவும் மூக்குக்குள்ளை நிக்குது. காணாத ரவை பாவம், பிள்ளை” என்றார். ரே சின்ன மான், நடுத்தர ரவையே அதற்கு மூன்று மடங்கு போதும் என்று பரீட்சை பாஸ் பண்ணிய எனக்குத் தெரியும். இடியன் துவக்குக்காரரிடம் அதை எப்படிச் சொல்வது?

வரும் ஐப்பசியில் எனக்கு ஒரு மரை என்று ஆவணியில் முதலாளி அறிவித்தார். முதல் கொம்பு முளைத்த, இன்னும் கிளை விடாத இளம் ஆண். அதற்கு எந்தத் துவக்கு என்று முடிவு செய்ய ஒரு ஞாயிறு அவர் வீட்டுச் சமையலறையில் கூடினோம். ஆலையில் வேலை செய்யும் வேட்டைக்காரர் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கேக், கோப்பி, மேசை மேல் வரிசையாக ரவைகள். ஆறரை, முப்பது-பூச்சியம்-ஆறு, ஒன்பது புள்ளி மூன்று. கடைசியானது அப்பாவின் நடுவிரல் மொத்தம். அப்பா அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் ஜெர்மனியில் கண்டதில்லை.

“சொல்லு பிள்ளை” என்றார். “மரைக்குச் சின்ன ரவை பாவம். என்ர பிள்ளைக்கு இதுதான் வேணும் எண்டு சொல்லு.”

உங்களுக்கு இந்த இடம் விளங்கும். நாமெல்லாம் அப்பா அம்மாவின் வாயாக இருந்தவர்கள். வைத்தியரிடம், வீட்டுக்காரரிடம், வரி அலுவலகத்தில். அவர்கள் சொன்னதைச் சொல்வோம், நம் சொல்லை உள்ளே வைத்துக்கொள்வோம். ஆறரையே சட்டத்துக்குப் போதும், பாரமான துவக்கென்றால் எனக்குப் பயம் என்று நான் ஒரு வசனம் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. என் தோளைப் பற்றிய தீர்ப்பை நானே பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன். முதலாளி மேசையில் அறைந்தார். “கேட்டீர்களா! நாலு விரல்!” மற்ற மூவரும் கைதட்டினார்கள். ஆலையில் பலகை அடுக்கும் அப்பாவின் சொல்லுக்கு வேட்டைக்காரர்கள் கைதட்டியது அதுதான் முதல் தரம். அவர் கழுத்து சிவந்துபோனது.

“அவள் தோளை யாராவது பார்த்தீர்களா?” என்று முதலாளியம்மா கேட்டா. கேக் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை.

புரட்டாதி முழுக்கச் சுடுதளத்தில் பயிற்சி. நூறு மீட்டருக்கு அப்பால் காகித மிருகம், காதில் அடைப்பான், தோளில் ஒன்பது புள்ளி மூன்று. ஒவ்வொரு வெடிக்கும் பல் ஆடியது. குண்டுகள் காகிதத்தின் காலடியில் மண்ணைக் கிளறின. முதலாளி பக்கத்தில் நின்று, “இன்னும் இறுக்கிப் பிடி” என்பார். இறுக்கினேன். இன்னும் கீழே போனது. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது, உட்கார முடியாது, கட்டிலுக்கும் யன்னலுக்குமாக நடப்பேன். கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையில் இடிப்பார்.

தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்த்திய அம்மா சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்து அலறிவிட்டாள். தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

“ஆர் அடிச்சது? எங்கட ஆக்களை அடிக்கிற மொட்டைத் தலைப் பொடியங்களே? சொல்லு, நான் பள்ளிக்கூடத்துக்கு வாறன்!”

துவக்கு என்றதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நோகிறது என்று தெரிந்தால் அப்பா எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார், அந்த ரே என் கண்ணுக்குள் சாகும்வரை ஓடும். நிறுத்தினால் அவரும் அந்தச் சமையலறைக்குத் திரும்பிப்போய்த் தன் சொல்லை விழுங்க வேண்டும். அம்மா துணியில் உப்பைக் கட்டி, தோசைக்கல்லில் சூடாக்கி ஒத்தடம் போட்டாள்.

வேட்டைக்கு ஒன்பது நாள் இருந்தபோது முதலாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பரண் ஏற முடியாது. இனிக் கூட வரப்போவது முதலாளியம்மா. அவ என்னைத் தனியாகச் சுடுதளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. துவக்கைத் தானே நிரப்பி என்னிடம் தந்தா. குறிபார்த்தேன், விசையை இழுத்தேன். டிக் என்ற சத்தம் மட்டும். உள்ளே ரவையே இல்லை. ஆனால் துவக்கின் மூக்கு ஒரு சாண் கீழே குத்தி நின்றது. வெடி வருமுன்பே நான் பயந்து அதை அமுக்கியிருக்கிறேன். எல்லோரும் ரவையின் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதமும் பிழை இங்கே இருந்திருக்கிறது.

இன்னும் மூன்று தரம் அப்படியே தந்தா. அவ காகிதத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு ஒன்பது புள்ளி மூன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, தன் துவக்கை எடுத்தா. ஒல்லியான, பிடி தேய்ந்த ஆறரை.

“இது உன்னை அடிக்காது” என்றா.

அடிக்கவில்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டது, அவ்வளவுதான். முதல் நாளே பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். நாலாம் நாள்தான் துவக்கின் மூக்கு அசையாமல் நின்றது. அன்று ஐந்து வெடியையும் ஒரு உள்ளங்கையால் மூடலாம்போல் இருந்தது. எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. உடனே அப்பாவின் ஞாபகம் வந்தது.

“அப்பாவிடம் சொல்ல வேண்டாம்” என்றேன். “எல்லோருக்கும் முன்னால் சொன்னவர்.”

அவ அணைந்த சிகரெட்டை மறுபடி பற்றவைத்தா. “கூட வருகிறவர் மாறினால் உன் அப்பாவின் கடிதமும் மாற வேண்டும். கையெழுத்துக்கு ஆலைக்குப் போகிறேன். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றா. சொல்லமாட்டேன் என்று வாக்குத் தந்துவிட்டா என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வேட்டை நாள் காலையில் பனிப்புகார் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பரணில் ஊசியிலை மணமும் அவவின் கோப்பி மணமும். “காலை ஆட்டாதே, பலகை கத்துகிறது” என்று இரண்டு தரம் சொன்னா. மூன்றாம் தரம் என் முழங்கால் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தா. எட்டு மணிபோல் இரண்டு பெண்மரைகள் வெளியே வந்தன. அவற்றின் பின்னால் அது. கொம்பு இரண்டும் நேராக, என் முழங்கை நீளம். மூச்சு வெள்ளையாகப் போனது. பக்கத்தில் இருந்து, “நேரம் இருக்கிறது” என்றா. துவக்கை வைத்தேன். மூன்று காலில் ஓடியதை நினைக்காதே என்று சொல்லிக்கொண்டேன், நினைத்தேன், மூச்சை விட்டேன், சுட்டேன்.

முப்பது அடி ஓடி, படுப்பதுபோல் விழுந்தது. பிறகு அசையவில்லை. நாங்கள் இறங்கிப் போனபோது கண் திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. முதலாளியம்மா ஒரு ஊசியிலைக் கொப்பை முறித்து அதன் வாயில் வைத்தா, கடைசி உணவாம். இன்னொரு கொப்பை இரத்தத்தில் தொட்டு என்னிடம் தந்தா, சுட்டவருக்கு உரியதாம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். அழுதேன். மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். நோகாமல் விழுந்தது, ஆனால் விழுந்தது.

ஆலை முற்றத்துக்குக் கொண்டு வந்தோம். அப்பா தலைமயிரில் மரத்தூளோடு ஓடி வந்தார். மரையின் கழுத்தைத் தடவினார். பிறகு என் தோளைப் பார்த்தார்.

“நோகேல்லையே?”

“இல்லை.”

அவர் மற்றவர்களுக்குக் கேட்கும்படி திரும்பி, தன் நாற்பது சொல்லில் நாலைந்தைப் பொறுக்கி, பெரிய ரவை, பெரிய ரவை, நான் சொன்னேன் என்று கத்தினார். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு வந்த முதலாளி மிருகத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கைதட்டினார். நான் கொப்பைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அந்த முற்றத்தில் என் அப்பா ஒருவர்தான் ஏமாந்து நிற்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் பங்கு இறைச்சியை அம்மா மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தாள். மிச்சத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஹீட்டருக்கு மேல் கட்டிய கம்பியில் அப்பா வத்தல் போட்டார். ஒரு மாதம் என் பள்ளிப் புத்தகங்களெல்லாம் மரை மணத்தன. அடுத்த வருஷம் நான் படிக்கவென்று நகரத்துக்கு ஓடினேன், பிறகு இன்னொரு நகரம், பிறகு இன்னொன்று. துவக்கை மறுபடி தொடவில்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மனைவியும் போய்விட்டா. அந்த ஊசியிலைக் காட்டை வண்டு தின்று மொட்டையாக்கிவிட்டது.

அப்பா மட்டும் கதையை விடவில்லை. கலியாணம், பிறந்தநாள், பிள்ளைகளின் தேவாலயத்து முதல்நன்மை, செத்தவீடு கூடப் பாக்கியில்லை. “என்ர மகள் பதினாறு வயசிலை மரை சுட்டவள். நான் சொன்ன ரவையாலை.” அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு தரமும் நான் எழுந்து போய்விடுவேன். கை கழுவப் போவேன், காரில் எதையோ மறந்ததாகச் சொல்வேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படி.

போன வருஷம் ஒரு முதல்நன்மைக் கொண்டாட்டம் முடிந்து அவரை நான் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா சொந்தக்காரரோடு நின்றுவிட்டாள். அன்றும் பந்தியில் ஒரு சின்னப் பெட்டையைப் பிடித்து வைத்து அதே கதை. மத்தியான வெயிலில் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அடைத்துப்போய் நின்றன. ஓடவும் இடமில்லை. சொல்லிவிட்டேன்.

“அப்பா, அந்த மரையை நான் பெரிய ரவையாலை சுடேல்லை. முதலாளியம்மான்ர சின்னத் துவக்காலைதான்.”

“தெரியும்” என்றார்.

முன்னால் நின்ற லொறியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துக்கு வந்தவ. தன்ர சின்னத் துவக்கைத்தான் தருவன், நீ ஓமெண்டாத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவன் எண்டவ. தேப்பனை ஏமாத்திப் பேக்காட்டி ஒண்டும் செய்யமாட்டாவாம். நான் ஏலாது எண்டனான்.”

“பேந்து?”

“பேந்து ஒண்டு செய்து காட்டினா. நீ வெடி வைக்க முந்தி எப்பிடி இருக்கிறனீ எண்டு. கண்ணை இறுக்கி மூடி, வாயை ஆவெண்டு திறந்து காட்டினா. இது ஏன், உன்ர பிள்ளை ஏன் வாயைத் திறக்குது எண்டு என்னைக் கேட்டா. எனக்குத் தெரியேல்லை.”

என் கை என்னையறியாமல் வாய்க்குப் போனது. எனக்கும் அது தெரியாது. அந்த நிமிஷம் வரை தெரியாது.

“பின்னேரம் கொம்மாட்டைக் கேட்டன். குண்டு போடப் பிளேன் சுத்தேக்கை கண்ணை மூடி வாயைத் திற, இல்லாட்டிக் காது வெடிச்சுப்போம் எண்டு நான்தான் பழக்கினனான் எண்டாள். பங்கருக்குள்ளை ஒவ்வொரு நாளும் பழக்கினவளாம். விடியப் போய் அவவுக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். சின்னதைக் குடுங்கோ எண்டு.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் இவ்வளவு காலமும் உங்களைப் பேக்காட்டிப்போட்டன் எண்டு...”

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன, எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

“சொன்னா, ஏன் மாத்தினனீங்கள் எண்டு கேப்பாய். பேந்து பிளேன் கதை வரும், பங்கர் கதை வரும். நீங்கள் ரெண்டு பேரும் அங்கை வாயைத் திறந்துகொண்டு கிடக்கேக்கை நான் இஞ்சை மெத்தையிலை படுத்துக் கிடந்தனான், மோனை. கேக்க எனக்கு முகமில்லை. பிள்ளை என்னைப் பேக்காட்டினதாவே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

முன்னால் லொறி நகர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் ஹோர்ன் அடித்தான். நான் அசையவில்லை. அப்பா முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, எழுபத்தேழு வயதில், முதல் தரமாகக் கேட்டார்.

“பங்கருக்குள்ளை இருட்டே, பிள்ளை?”

“ஓம் அப்பா” என்றேன். பிறகு காரை ஓரமாக நிறுத்தி, அவர் விமானம் ஏறிப் போனதற்கு அடுத்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.